கார் சீட், தரைக் கார்ப்பெட் கழுவ வீட்டுக்கு ஒரு சின்ன மெஷின்: எதை வாங்கலாம்?

பச்சமலை அடிவாரம், கோபி

எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்களுடையது ஏழு சீட்டு வண்டி. காலையில் தோட்டத்திலிருந்து சொசைட்டிக்குப் பால் போவதும் அதில்தான், வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பண்ணாரி போவதும் அதில்தான். சீட் துணி வெளிர் நிறம். போன வாரம் கேன் மூடி கழன்று நடு சீட்டுக்கு அடியில் பால் கொட்டிவிட்டது. உடனே துண்டு போட்டு ஒற்றி எடுத்தோம். மேலே பார்த்தால் கறையே இல்லை. ஆனால் வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தால் புளித்த வாடை முகத்தில் அடிக்கிறது.

இந்த ஒருமுறைக்கு வாட்டர் சர்வீஸில் கொடுத்துவிடலாம். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தைகள், தினமும் பால் கேன், மழை வந்தால் வயல் சேறு. திரும்பத் திரும்ப வருகிற வேலை இது. அதனால் சொந்தமாகவே ஒரு சின்ன மெஷின் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். கடையில் ஸ்டீம் மெஷினைக் காட்டுகிறார்கள். யூடியூபில் பார்த்தால் தண்ணீர் அடித்து உடனே உறிஞ்சி எடுக்கிற பச்சை நிற மெஷின் வருகிறது. அமெரிக்காவில் இருக்கிற மச்சான் தை மாசம் வரும்போது அதை வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். வாட்ஸ் அதிகமாக இருப்பதை வாங்கினால் போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

நுரைக்காரன், கோவை

பால் என்றதும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் ஸ்டீம் வைக்காதீர்கள். சூடு பட்டால் பாலின் புரதம் துணி இழையில் இறுகிவிடும், பிறகு எடுப்பது கஷ்டம். அதோடு ஸ்டீம் மெஷின் அழுக்கை இளக்குமே தவிர வெளியே எடுக்காது. ஏசி வென்ட், கதவு இடுக்கு, சீட் ரெயில் இவற்றுக்கு நல்ல பொருள்தான். கார்ப்பெட்டுக்கு அது மட்டும் போதாது.

நீங்கள் யூடியூபில் பார்த்த வகைக்கு ஸ்பாட் கிளீனர் என்று பெயர். வாட்டர் சர்வீஸ் கடைகளில் நாங்கள் வைத்திருக்கும் பெரியது எக்ஸ்ட்ராக்டர். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், அழுக்குத் தண்ணீருக்கு ஒரு டேங்க். கைப்பிடியில் விசையை அழுத்தினால் சின்ன பம்பு தண்ணீரைத் துணிக்குள் அடிக்கும். விசையை விட்டுவிட்டு, குழாய் முனையில் இருக்கிற நாசிலைப் பின்னால் இழுத்தால், அடித்த தண்ணீர் அழுக்கோடு குழாயில் ஏறிவிடும்.

வாங்கும்போது எல்லோரும் தண்ணீர் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று பார்க்கிறார்கள். அடித்ததில் எவ்வளவைத் திரும்ப எடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். காரணம், கார் தரையின் அமைப்பு. மேலே தெரிகிற கார்ப்பெட் மெல்லியது. அதற்கு அடியில் சத்தம் தடுக்கிற தடிமனான ஃபெல்ட்டோ ஸ்பாஞ்சோ இருக்கும், அதற்கும் கீழே இரும்புத் தகடு. கீழே இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழியே இல்லை. மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். உங்கள் வாடையும் அங்கிருந்துதான் வருகிறது. பாலின் கொழுப்பைக் கிருமிகள் உடைக்கும்போது உண்டாகிற பியூட்டிரிக் அமிலம் அது. கெட்டுப்போன வெண்ணெயில் வருவதும் அதே வாடைதான்.

ஆர்மேச்சர், கணபதி

வாட்ஸ் பற்றிக் கேட்டீர்கள், அது என் தொழில். வாட்ஸ் என்பது மெஷின் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்ற கணக்கு. எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்கு அல்ல. கிணற்று மோட்டாரில் எச்.பி. மட்டும் கேட்டுவிட்டு, எவ்வளவு உயரம் தண்ணீர் ஏற்றும் என்கிற ஹெட் கேட்காமல் வாங்குவீர்களா? அதே மாதிரிதான் இதுவும். பெட்டியில் கிலோபாஸ்கல் அல்லது மில்லிபார் என்று ஒரு எண் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். 1 கிலோபாஸ்கல் என்றால் சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும் இழுவை. 20 கிலோபாஸ்கல் என்றால் சுமார் 2 மீட்டர். தூசு எடுக்கக் காற்றோட்டம் முக்கியம், துணிக்குள் ஊறின தண்ணீரை எடுக்க இந்த இழுவை முக்கியம். எண்ணே போடாத மெஷினாக இருந்தால் கடையில் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நனைத்த இடத்தில் இரண்டு மூன்று முறை இழுத்த பிறகு டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாசிலின் வாயும் இதில் சேர்த்தி. வாய் அகலமாகிவிட்டால் அதே மோட்டாரின் இழுவை பரவி வீணாகும். காருக்கு உள்ளங்கை அகலம் போதும்.

பச்சமலை அடிவாரம், கோபி

இரண்டு பேருக்கும் நன்றிங்க. அப்படியானால் மச்சானிடம் அந்தப் பச்சை மெஷினையே சொல்லிவிடலாமா?

ஆர்மேச்சர், கணபதி

பொறுங்க. நீங்கள் சொல்வது பிஸ்ஸல் லிட்டில் கிரீனாக இருக்கும். நல்ல மெஷின்தான். ஆனால் அமெரிக்காவில் விற்கிற மாடல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பின்னை மாற்றி நேராகச் செருகினால் மோட்டார் போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். அந்தச் சின்ன மாடல் 3 ஆம்பியர், அதாவது சுமார் 360 வாட். அதற்கு 500 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். அதன் புரோ மாடல் 5.7 ஆம்பியர், அதற்கு 1000 வி.ஏ. தேவைப்படும். அது கைக்கு நல்ல கனம், காருக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் வைக்கிற பொருளும் அல்ல. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. கார்பன் பிரஷ் வைத்த உறிஞ்சும் மோட்டாருக்கு அது பெரிய விஷயமில்லை. தண்ணீர் பம்பு அதிர்வு வகையாக இருந்தால் அடிக்கிற வேகம் குறையும்.

அதே கம்பெனி ஐரோப்பாவுக்கு என்று 220-240 வோல்ட்டில் ஸ்பாட்கிளீன் என்ற பெயரில் செய்கிறது. ஸ்பாட்கிளீன் புரோ 750 வாட், 2.8 லிட்டர் டேங்க். லண்டன், துபாய் பக்கம் யாராவது வருகிறவர்கள் இருந்தால் அதைச் சொல்லுங்கள். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கிலேயே ஓடும்.

ஆனால் எதை வாங்கினாலும் ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மோட்டார் கருகினால் கோவையில் வைண்டிங் கட்டிவிடலாம், கார்பன் பிரஷ் தேய்ந்தால் அளவுக்கு ராவிப் போட்டுவிடலாம். மோட்டாரும் பம்பும்தானே நம் ஊர். ஆனால் நாசிலில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற மூடி உடைந்தாலோ, அழுக்கு டேங்க்கின் ரப்பர் சீல் கிழிந்தாலோ, இங்கே யாரும் செய்து தர முடியாது. என் பட்டறைக்கு வருகிற இந்த வகை மெஷின்களில் பாதிக்கு மோட்டார் நன்றாகவே இருக்கும். பத்துப் பைசா பெறாத சீலில் காற்றுக் கசிந்து இழுவை போயிருக்கும்.

நூல்கண்டு, திருப்பூர்

தம்பி, நான் வேறு மாதிரி சொல்கிறேன். தனி மெஷினே வேண்டாம். வெட் அண்ட் டிரை வாக்வம் கிளீனர் வாங்குங்கள். கார்ச்சர், இனால்சா, அகாரோ என்று நம் ஊரிலேயே 230 வோல்ட்டில், வாரண்டியோடு கிடைக்கிறது. அதன் குழாய்க்குப் பொருந்துகிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற எக்ஸ்ட்ராக்ஷன் நாசில் தனியாக ஆன்லைனில் வருகிறது. குழாயின் விட்டத்தை அளந்துகொண்டு வாங்க வேண்டும், 32 மில்லிமீட்டரும் 35 மில்லிமீட்டரும் மாறிப்போனால் பொருந்தாது. தண்ணீர் அடிக்க, செடிக்கு மருந்தடிக்கிற கை ஸ்பிரேயர் போதும்.

எங்கள் வண்டியில் பனியன் துணிப் பொதி ஏறி இறங்கி, சீட் முழுக்கப் பஞ்சும் நூலும் ஒட்டியிருக்கும். அதை முதலில் உலர்ந்தபடியே இழுத்துவிட்டு, அப்புறம் அதே மெஷினை ஈரத்துக்கு மாற்றிக்கொள்வேன். ஸ்பாட் கிளீனர் ஈரத்துக்கு மட்டும்தான். உலர்ந்த குப்பைக்கு இன்னொரு மெஷின் வேண்டும். ஒரே காசில் இரண்டு வேலை நடக்கிறபோது எதற்கு இரண்டு வாங்குவது?

கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. தண்ணீர் இழுப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கிற பையையும் பேப்பர் ஃபில்டரையும் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போட வேண்டும்.

நுரைக்காரன், கோவை

அக்கா சொல்வது சிக்கனமான வழி, மறுக்கவில்லை. அந்த வாக்வம்களில் மோட்டார் பெரியது, இழுவையும் பெரும்பாலும் சின்ன ஸ்பாட் கிளீனரை விட நன்றாகவே இருக்கும். என் ஆட்சேபனை ஒரு கையில் ஸ்பிரேயர், ஒரு கையில் குழாய் என்று வேலை செய்வதில்தான். காருக்குள் குனிந்துகொண்டு அப்படிச் செய்யும்போது தேவைக்கு மேல் அடித்துவிடத் தோன்றும். ஸ்பாட் கிளீனரில் அடிப்பதும் எடுப்பதும் ஒரே கைப்பிடியில், ஒரே இடத்தில் நடக்கும். அளவு நம் விரலில் இருக்கும்.

நூல்கண்டு, திருப்பூர்

அளவு பழக்கத்தில் வந்துவிடும் தம்பி. நனைய நனைய அடிக்கக் கூடாது, பனி படிந்த மாதிரி அடித்துவிட்டு பிரஷ் போட வேண்டும். பால் கொட்டின ஒரு சீட்டுக்காக வெளிநாட்டு மெஷின் வரும்வரை காத்திருக்கச் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. தை வருவதற்குள் அந்த வாடை சீட்டுக்கே சொந்தமாகிவிடும்.

நாலுவழிச்சாலை, கரூர்

நான் டாக்சி வைத்திருக்கிறேன். எங்கள் ஸ்டாண்டில் நாலைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து கார்ச்சர் புஸி 10/1 வாங்கி வைத்திருக்கிறோம். நல்ல தண்ணீர் 10 லிட்டர், அழுக்குத் தண்ணீர் 9 லிட்டர் பிடிக்கும். இந்தியாவிலேயே விற்கிறார்கள், ஸ்பேரும் கிடைக்கிறது. தினமும் ஓடுகிற வண்டிகளுக்கு அதுதான் தாங்கும். ஆனால் ஒரே ஒரு குடும்ப வண்டிக்கு அது அதிகம். விலையும் அதிகம், வீட்டில் வைக்க இடமும் வேண்டும். சின்ன மெஷினில் ஒரு சீட் முடிவதற்குள் டேங்க் நிரப்ப எழுந்து போக வேண்டியிருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டால் வீட்டுக்கு அது போதும். சொந்தக்காரர்கள் வண்டி அக்கம்பக்கத்தில் நாலைந்து இருந்தால் எங்களை மாதிரி சேர்ந்து வாங்குவதை யோசியுங்கள்.

நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. எங்கள் பக்கம் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதை ஊற்றி ஓட்டினால் அடிக்கிற துளையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டிக்கொள்ளும். முதலில் விசிறி மாதிரி வந்த தண்ணீர் கொஞ்ச நாளில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்புறம் சொட்டாகிவிடும். சீட் காய்ந்த பிறகு ஓரத்தில் வெள்ளை வளையமும் நிற்கும். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி இருக்கிறது, கவலை இல்லை. மற்றவர்கள் நல்ல தண்ணியோ, ஆர்.ஓ. தண்ணியோ பிடித்து ஊற்றுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டால் சிட்ரிக் ஆசிட் பொடியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, அப்புறம் வெறும் தண்ணீர் ஓட்டினால் திறந்துகொள்ளும்.

மஞ்சள் மண்டி, ஈரோடு

பால் கறை பேச்சுக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வண்டியில் மஞ்சள் கறை. மாதிரி எடுத்துப் போகிற பையிலிருந்து பொடி சிந்தி, சாம்பல் நிற சீட் மஞ்சளாகிவிட்டது. இந்த மெஷினில் போகுமா?

நுரைக்காரன், கோவை

மெஷின் மட்டும் போதாதுங்க. முதலில் தண்ணீரே படாமல் பொடியை வாக்வமில் இழுத்துவிடுங்கள். கையால் தட்டினால் இன்னும் உள்ளே இறங்கும். சோடா கலந்த பவுடரோ துணி சோப்போ போடவே கூடாது, காரம் பட்டால் மஞ்சள் சிவந்து போய்விடும். குங்குமம் செய்வதே மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துத்தானே. நிறத்துக்குக் காரணம் குர்க்குமின், அது வெயிலில் தானாக வெளுக்கும். பாதிக் கறையை வெயிலே எடுத்துவிடும். மீதிக்கு, மருந்துக் கடையில் கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சீட்டுக்கு அடியில் தெரியாத ஒரு மூலையில் தடவிப் பார்த்து, சீட்டின் நிறம் போகவில்லை என்றால் கறையில் தடவி, கொஞ்ச நேரம் கழித்து வெறும் தண்ணீர் அடித்து மெஷினில் இழுங்கள்.

பச்சமலை அடிவாரம், கோபி

அக்கா சொன்ன வெட் அண்ட் டிரை வழிக்கே மனசு போகிறது. இங்கேயே கிடைக்கிறது, நெல் உமி, தென்னந்தூள் எல்லாவற்றுக்கும் உதவும். பால் கறையை எப்படி எடுக்க வேண்டும் என்று ஒருமுறை வரிசையாகச் சொல்லுங்களேன். சீட்டைக் கழற்ற வேண்டுமா?

நுரைக்காரன், கோவை

சீட்டைக் கழற்றும் முன் அடியில் குனிந்து பாருங்கள். மஞ்சள் நிற வயர் பிளக் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதை நீங்களாகப் பிடுங்காதீர்கள். பிடுங்கிய நிலையில் சாவி போட்டால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும், ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க வேண்டியிருக்கும். சீட்டை முன்னால் தள்ளி வேலை செய்ய முடிந்தால் அப்படியே செய்யுங்கள், பிளக் மேல் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பை சுற்றிவிடுங்கள்.

அப்புறம், வண்டி வாங்கும்போதே தரையில் ரெக்சின் மாதிரி லேமினேஷன் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்களா என்று இப்போது பாருங்கள். ஒட்டியிருந்தால் பால் அதன் ஓரத்து வழியாக அடியில் இறங்கியிருக்கும். மேலே எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை, அந்த ஓரத்தைத் தூக்கியே ஆக வேண்டும்.

முதலில் உலர்ந்த வாக்வம். பிறகு பச்சைத் தண்ணீரைக் கொஞ்சமாக அடித்து ஒருமுறை இழுத்துவிடுங்கள். அடுத்து என்சைம் கிளீனர். நாய், பூனை மூத்திரக் கறைக்கென்று பெட் ஷாப்பில் விற்பார்களே, அதுதான். புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கிற என்சைம் அதில் இருக்கும். பால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆழத்துக்கு இதுவும் போக வேண்டும், அதனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் தாராளமாக அடிக்கலாம். ஈரமாக இருக்கும் வரைதான் என்சைம் வேலை செய்யும். மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, புட்டியில் போட்டிருக்கிற நேரம் வரை விட்டுவிடுங்கள். சுடுதண்ணீர் கலக்காதீர்கள், என்சைம் செத்துவிடும். பிளீச்சும் பெராக்ஸைடும் கூடவே கூடாது.

அதற்குப் பிறகு வெறும் தண்ணீர் அடித்து இழுங்கள். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அடித்த கிளீனரோ ஷாம்பூவோ உள்ளேயே தங்கினால் பிசுபிசுப்பாகி, அடுத்த வாரமே செம்மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாசிலை வேகமாக இழுக்காதீர்கள். துணியோடு அழுத்தி, மெதுவாக, ஒரே திசையில். கண்ணாடி மூடிக்குள் பாருங்கள். முதல் இழுப்பில் டீ நிறத்தில் நுரையோடு தண்ணீர் ஓடும், நாசிலின் உதட்டில் தலைமுடியும் தேங்காய் நாரும் சேர்ந்து நிற்கும். போகப் போக நிறம் வெளுக்கும். நிறம் போன பிறகும் நிறுத்தாமல், தண்ணீர் அடிக்காமலே வெறும் இழுப்பு இழுத்துக்கொண்டே இருங்கள். மூடிக்குள் ஒரு துளிகூட ஓடாத நிலை வரும்வரை.

மேல்கூரைத் துணிக்கு மட்டும் மெஷினைக் கொண்டு போகாதீர்கள். அது பசையில் ஒட்டி நிற்பது, ஊறினால் தொங்கிவிடும்.

ஆர்மேச்சர், கணபதி

இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வாக்வம் 1400 வாட் என்றால் 6 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பிளக்கில் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைப் போட்டுப் போர்டிகோவுக்கு இழுக்காதீர்கள், 15 ஆம்பியர் பிளக்கில் தடித்த வயராகப் போடுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற வேலை இது. கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டிவிடுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று உறுதி செய்த பிறகு ஆரம்பியுங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாமுங்க.

இன்னொன்று நுரை. தண்ணீர் நிரம்பினால் உள்ளே மிதவை ஏறி இழுவையை அடைத்துவிடும், மோட்டார் தப்பிக்கும். நுரைக்கு மிதவை ஏறாது. நுரை அப்படியே மோட்டாருக்குள் போய் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஷாம்பூவைக் குறையுங்கள். டேங்க்கில் நுரை பொங்குவது தெரிந்தால் நிறுத்திக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள்.

பல்லடம் காற்றாலை

காய வைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கழுவுவதை விட அதுதான் பெரிய வேலை. ஆடி மாசம் என்றால் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே போதும். நாலு கதவையும் திறந்து, வண்டியின் பக்கவாட்டைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் சீட் காய்ந்துவிடும். தூசு அதிகம் என்றால் கண்ணாடிகளை மட்டும் பாதி இறக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்திருக்கும்போது இந்த வேலையைத் தொடவே வேண்டாம், பூஞ்சை வந்துவிடும். அவசரமாகச் செய்தே ஆக வேண்டும் என்றால் கார்ப்பெட்டின் ஓரத்தைக் கதவுப் பக்கம் தூக்கி, அடியில் மரக்கட்டை வைத்து, டேபிள் ஃபேனை அந்தச் சந்துக்குள் ஓடவிடுங்கள். மேலே ஃபேன் வைத்துப் பயனில்லை, ஈரம் அடியில்தான் இருக்கிறது.

கதவு நாள் முழுக்கத் திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து பேட்டரி இறங்கிவிடும். விளக்கை அணைத்து வையுங்கள்.

பச்சமலை அடிவாரம், கோபி

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. லேமினேஷனைத் தூக்கிப் பார்த்தோம். நுரைக்காரர் சொன்னது சரிதான், பால் ஓரத்து வழியாக இறங்கி ஃபெல்ட்டில் ஊறி நிற்கிறது. வெட் அண்ட் டிரை வாக்வமும் நாசிலும் ஆர்டர் சொல்லிவிட்டேன். 35 மில்லிக் குழாய் என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் நாசிலுக்குப் பணம் கட்டினேன். மச்சானிடம் மெஷின் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. என்சைம் கிளீனர் கோபியில் கிடைக்கவில்லை, ஈரோட்டுக்குப் போகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஃபெல்ட் ரொம்ப ஊறியிருந்தால் அதையும் இந்த நாசிலால் இழுக்கலாமா, இல்லை மாற்றிவிட வேண்டுமா?

நுரைக்காரன், கோவை

ஒருமுறை என்சைம் போட்டு இழுத்துப் பாருங்கள். ஃபெல்ட் கையோடு பிய்ந்து வந்தாலோ, கறுப்புப் புள்ளி விழுந்திருந்தாலோ அது பூஞ்சை, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். உக்கடம் பக்கம் பழைய வண்டிச் சாமான் கடைகளில் அதே தடிமனில் ஃபெல்ட் கிடைக்கும், அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளலாம். வைப்பதற்கு முன்னால் அடியில் இருக்கிற தகட்டைத் துடைத்துக் காயவிட்டு, துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

நூல்கண்டு, திருப்பூர்

வேலை முடிந்ததும் அழுக்கு டேங்க்கை அன்றைக்கே கழுவிக் கவிழ்த்து வை தம்பி. குழாயையும் இரண்டு முனையும் கீழே பார்க்கிற மாதிரி கொடியில் தொங்கவிடு. பால் தண்ணீர் உள்ளே நின்றால் அடுத்த தடவை மெஷினிலிருந்தே அந்த வாடை வரும்.